தானாக வந்த மூன்று பேர்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஊர் வயல்கள் சேர்ந்த கண்டத்துக்கு வாப்பாதான் வட்டவிதானை. தண்ணீர் பங்கிடுவதும், வாய்க்கால் உடைத்துக்கொண்டால் ஆள் கூட்டி அடைப்பதும் அவர் பொறுப்பு. அடைப்பதைவிட ஆள் கூட்டுவதுதான் அவரை அலுக்கச் செய்தது. வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவார். எல்லோரும் ஓம் என்பார்கள். பாதிப் பேர் வருவார்கள். வந்தவர்களிலும் பாதிப் பேர் வரம்பில் நின்று யோசனை சொல்வார்கள்.

ஒரு மாரியில், கதிர் வரும் நேரம் பார்த்துப் பெரிய வாய்க்கால் உடைத்துக்கொண்டது. இரண்டு நாள் தண்ணீர் நின்றால் பயிர் அழுகிவிடும். பக்கத்து வயல்காரரான வேதக்கார மாஸ்டர், கல்முனையில் படிப்பிக்கும் கிறிஸ்தவர், அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தார்.

“இந்த முறை ஒருத்தரையும் கூப்பிடாதீங்க. எங்கட வேதத்தில எறும்பப் பார்க்கச் சொல்லியிரிக்கி. அதுக்குத் தலைவனும் இல்ல, கண்காணியும் இல்ல, தானா வேல செய்யுது. நாளைக்குத் தானா வாறது ஆரெண்டு பாருங்க. அவங்களப் புடிச்சி வெச்சிக்கங்க” என்றார்.

வாப்பா சிரித்தார். ஆனால் அன்று எவர் வீட்டுக்கும் போகவில்லை.

மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்து அவர் போனபோது, அவருடைய தம்பி, என் சாச்சா, நெஞ்சளவு தண்ணீரில் நின்று மண்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாராம். பிறகு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். மாஸ்டரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். உச்சிக்கு முன் உடைப்பு அடைபட்டது. கண்டம் பிழைத்தது.

அதன்பின் வாப்பா ஆள் தேடவில்லை. எதற்கும் சாச்சாவும் மற்ற இருவருமாக அந்த மூன்று பேர்தான். ஊரும் நிம்மதியாகக் கையைக் கட்டிக்கொண்டது. ஒருவர் வெளிநாடு போனார், மற்றவர் பொத்துவில் பக்கம் குடியேறினார். சாச்சா மட்டும் மிஞ்சினார்.

ஒரு காலை அவர் மண்வெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். சேற்றுப்புண்ணுக்குக் காலில் சீலை சுற்றியிருந்தது.

“காக்கா என்னத் தேடினாரா?” என்று தன் அண்ணனைப் பற்றி உம்மாவிடம் கேட்டார்.

“இல்லியே, தேடல்ல.”

“ஓம், தேட மாட்டார்தான்” என்றபடி, உம்மா கொடுத்த பிளேன்டீயோடு வாசற்படியில் உட்கார்ந்தார்.

எனக்கு எட்டு வயது. “உங்களுக்கு அலுப்பே வராதா சாச்சா?” என்றேன்.

“வரும் மகள். ஆராவது கேட்டாத்தானே சொல்லலாம்.”

பகிடி விடுகிறார் என்று சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டு வாய்க்கால் பக்கம் நடந்தார்.

அடுத்த போகத்துக்குள் வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டார். “ஒரு வார்த்த சொல்லல்லியே” என்று வாப்பா வெகுகாலம் குறைப்பட்டுக்கொண்டிருந்தார். சாச்சா சொல்லியிருந்தார் என்பதும், அன்று கேட்ட ஒரே ஆள் நான்தான் என்பதும் எனக்கு அப்போது விளங்கவில்லை.