மண்ணெண்ணெயில் கழன்ற ஸ்டிக்கர்கள்

மண்ணெண்ணெய் வாசனையும் புது பனியன் துணி வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? என் ஏழாம் வகுப்பு காலாண்டு லீவு முழுக்க அந்த வாசனைதான்...

(மாமா வீட்டு கம்ப்யூட்டரில் டைப் செய்கிறேன். எல்லோரும் தூங்கியாயிற்று. பிளஸ் டூ பரீட்சையை வைத்துக்கொண்டு இதைச் செய்வது தெரிந்தால் தொலைந்தேன். சத்தம் வராமல் ஒவ்வொரு எழுத்தாக அழுத்துகிறேன்.)

அப்போது நாங்கள் பல்லடம் ரோட்டில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அப்பா சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பாவின் சைக்கிள் வாசலில் கடகடவென்று வந்து நிற்கும். ஹேண்டில்பாரில் எனக்கு ஒரு தேங்காய் பன் தொங்கும்.

சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை. அப்பா மீன்பிடிக்கப் போன வள்ளத்தின் டீசல் இன்ஜின் கெட்டுப்போனதால்தான் திருப்பூர் வந்தோம். வள்ளம் பெரியப்பா பொறுப்பில் கரையில் கிடந்தது. இன்ஜினை மட்டும் விட மனமில்லாமல் அப்பா சாக்கில் கட்டி எங்களோடு கொண்டுவந்துவிட்டார். இரண்டு வருஷம் வாசலில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது.

வீட்டு ஓனருக்குக் குண்டடத்தில் தோட்டம். ஒருநாள் வந்தவர் அதைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்க, இதே மாதிரி ஒன்னு நம்ம தோட்டத்துல கிடக்குதுங்க. கெணத்துத் தண்ணி எறச்சது. கரண்ட் மோட்டார் வந்ததுக்கப்பறம் அது மேல கோழிதான் அடை உக்காருது."

"கோழிய எறக்கி விட்டுட்டு எனக்குத் தாரீயளா?" என்றார் அப்பா.

"கோழி ஒத்துக்கிட்டா எடுத்துக்கோங்க. நமக்கொன்னுமில்லீங்க."

அடுத்த வாரமே வந்து சேர்ந்தது. எங்களுடையதற்கு உடம்பு திடம், உள்ளே எல்லாம் தேய்ந்திருந்தது. குண்டடத்து இன்ஜினுக்கு வெளியே விரிசல், உள்ளே நல்ல நிலை. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. அதன் உள்ளுறுப்பை இதில் மாற்றினால் போதும்.

இரண்டையும் பிரித்ததும் வாசல் நிறைய இரும்பு. எது கடல், எது கிணறு என்று குழப்பம் வராமலிருக்க அம்மாதான் வழி சொன்னாள்.

"நாங்க கட்டிங் பீஸுக்கு ஒட்டுற மாதிரி நம்பர் ஒட்டுங்க. முன்பக்கம் என்ன நம்பரோ, கையும் அதே நம்பர். மாறவே மாறாது."

கம்பெனியிலிருந்து ஸ்டிக்கர் ரோல் வந்தது. கடலுக்கு மஞ்சள், கிணற்றுக்கு வெள்ளை.

"ஏட்டி, கிட்ட வராத. போய்ப் படி" என்பார் அப்பா. நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஜியாகரபி நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு துண்டையும் வரைந்தேன். நம்பர், கீறல், ஓரத்து வெட்டு, எல்லாம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிடித்திருந்தது. மாட்டினால் அடி விழும் என்ற பயமும் இருந்தது.

ஒரு ராத்திரி எல்லாத் துண்டுகளையும் மண்ணெண்ணெயில் ஊறப் போட்டார் அப்பா. காலையில் பார்த்தால்... மஞ்சளும் வெள்ளையுமாக ஸ்டிக்கர் அத்தனையும் கழன்று மிதக்கிறது.

"கம்பெனியில ஒருநாளும் இப்படி ஆனதில்லையே" என்றாள் அம்மா.

"பனியன மண்ணெண்ணெயில முக்குவாவளாட்டி?"

அப்பா கண் மதிப்பில் பூட்டினார். இன்ஜினைக் கிளப்பும் ஹேண்டில் சுற்றவில்லை. பிரித்து மாற்றிப் பூட்டினார். அப்போதும் இறுகியது. சனிக்கிழமை தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகும் லாரியில் இன்ஜினை ஏற்ற வேண்டும். தவறினால் வள்ளத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகப் பெரியப்பா சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை அப்பா கீழே உட்கார்ந்துவிட்டார். "விடு. பழைய இரும்புக்குப் போட்டுருவோம். நான் பாய்லரே பாத்துக்கிடுதேன்."

விடை என் நோட்டில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இன்ஜின் ஓடினால் அப்பா கடலுக்குப் போய்விடுவார். ஓடாவிட்டால் ஆறு மணிக்கு சைக்கிள் வரும். ஏழாம் வகுப்புக் கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டே பிஸ்டனை எடுத்து, ஒரு பனியன் துணியால் மெதுவாகத் துடைத்து, மண் படாமல் துணி மேலேயே வைத்தார். பழைய இரும்புக்குப் போகிற சாமானை யாராவது அப்படித் துடைப்பார்களா?

மறுநாள் காலையில் நோட்டை நீட்டினேன்.

"எவ வரைஞ்சது?"

"நாந்தாம்ப்பா."

"ஜியாகரபி நோட்டுலயா?"

அடிக்காகக் காத்து நின்றேன். அவர் பக்கத்தைத் திருப்பினார். பிஸ்டன் தண்டின் அடியைக் கவ்வும் அரைவட்டத் தொப்பிகள் இரண்டையும் கையில் எடுத்தார். தண்டும் தொப்பியும் ஒன்றாகக் கடைந்த ஜோடி, மாறினால் இறுகிவிடும்.

"இதுல எது கெணறு?"

"ஓரத்துல வெட்டு இருக்கறது கடல். இல்லாததுதான் கெணறு."

என்னையே பார்த்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "இங்க ஒக்காரு."

அன்று முழுக்க நான் படம் பார்த்துச் சொல்ல, அவர் பூட்டினார். சாயங்காலம் ஓனரும் வந்துவிட்டார். மூன்றாவது சுற்றில்... டுப்... டுப்... டுப்டுப்டுப்! லைன் வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் கரி.

"கோழிக்கு ஒரு தகவல் சொல்லிப்போடறனுங்க" என்றார் ஓனர். "கண்ணு, நீ பெரிய மெக்கானிக்குதான் போ."

சனிக்கிழமை இன்ஜின் போயிற்று. அடுத்த மாதம் அப்பா போனார். வருஷக் கடைசியில் அம்மாவும். படிப்புக்காக நான் மட்டும் இங்கே திருப்பூரில், மாமா வீட்டில்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா போன் செய்வார். மார்க் எல்லாம் கேட்க மாட்டார். கரையில் இன்ஜினை ஓடவிட்டு, செல்போனை அதன் பக்கத்தில் பிடிப்பார்.

போன வாரம் கேட்டதும் சொன்னேன். "அப்பா, சத்தம் மாறியிருக்கு. டாப்பெட் லூசா அடிக்குது."

அங்கே யாரிடமோ அவர் சொல்வது கேட்டது. "பிள்ள சொல்லுதா. ஸ்பேனர எடுல."

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் சொன்னது சரியாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

நோட்டைக் கொடுத்ததில் வருத்தமே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் ஏதாவது சைக்கிள் கடகடவென்று வந்தால் மட்டும்... தலை தானாகத் திரும்பிவிடுகிறது.