உரசும் டயரா, உரசாத டயரா

இன்று அதியமான்கோட்டை ஹைவேயில் டயர் கடை வைத்திருக்கும் ஷாஹீன் அக்காவைப் பார்க்க நேர்ந்தது. அவர் கணவர் இத்ரீஸ் பாய் இறந்து நாலு மாதமாகிறது. பாய் ஆசையாக வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரை விலைக்கு வாங்கி எடுத்துப்போக, சாயங்காலம் ஓசூர்க்காரர் ஒருவர் வருகிறார். அதற்குள் டயர் மாட்டியாக வேண்டும்.

அந்தக் காருக்கு பாய் ஒன்பதரை இன்ச் அகல ரிம் போட்டிருந்தார். டயர் எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதில்தான் இருவருக்கும் சண்டை.

"285 போட்டாத்தான் ஷாஹீனு, வண்டி கெத்தா நிக்கும்" என்பார் பாய்.

"255 போதுங்க. அதுக்கு மேல போனா மட்கார்டுல உரசும்" என்பார் அக்கா.

பாய் ஆர்டர் கொடுத்த 285 அவர் போன பிறகுதான் வந்தது.

"எதைங்கக்கா மாட்டறது?" என்று கேட்டார் கடையில் வேலை செய்யும் மாதேஸ்வரன்.

"அவரு சொன்னதயே மாட்டு."

மாட்டியதும் அக்கா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தார். கர்ரென்று உரசியது.

"பாய் இருந்திருந்தா, வண்டி பேசுதுன்னு சொல்லியிருப்பாருங்க" என்றார் மாதேஸ்வரன்.

அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "கழட்டு. வாங்கறவரு வூட்டுல புள்ளைங்க இருக்கும்."

கடையிலிருந்த 255ஐ மாட்டியதும் அக்கா மறுபடி ஒடித்தார். சத்தமே இல்லை. இத்தனை நாள் சண்டையில் அக்காதான் ஜெயித்திருக்கிறார். ஆனாலும் இன்னொரு தரம் ஒடித்து, உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார்.

அந்த 285 டயர்கள் கடை வாசலில்தான் இருக்கின்றன. உங்கள் வண்டியில் உரசாது என்றால் போய் வாங்கிக்கொள்ளுங்கள், மக்களே.