இழுவைப் படகுக்குப் போன பம்பு

ஆயிரம் அடி போர்வெல் குழிக்குள் ஓடுகிற மோட்டாருக்கு என்ன கோளாறு என்பதை, மேலே குழாயில் கையை வைத்தே சொல்லிவிடுவார் மதுக்கரைக் காளிச்சாமி. "மணல் தின்னுபோட்டுதுங்க" என்பார். மோட்டாரை இழுத்துப் பார்த்தால் மணல்தான் தின்றிருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஆளின் மனசு தெரியாமல் போயிற்று. இதை எங்கே போய்ச் சொல்ல!

காளிச்சாமியின் அப்பா கடைசிவரை பண்ணையாள். அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. 'கிழக்காலத் தோட்டத்து ஆளு' என்பார்கள், அவ்வளவுதான். காளிச்சாமி ஐ.டி.ஐ. முடித்து, கோயமுத்தூர் பம்பு கம்பெனி ஒன்றில் பதினோரு வருஷம் ஃபிட்டராக இருந்து, பிறகு இரண்டு லேத்துகளோடு சொந்தப் பட்டறை போட்டார். பட்டறை சொந்தம், செய்கிற சாமானில் பேர் சொந்தமில்லை. ஜாப் ஒர்க் என்றால் வேலை கொடுத்தவர் பேரைத்தான் இரும்பில் குத்தி அனுப்ப வேண்டும். செய்தவன் தன் பேரைக் குத்தினால் அடுத்த வேலை வாசலை எட்டிப் பார்க்காது. இருபது வருஷம் ஊரார் பேரைக் குத்திக் குத்தி அவருக்கு அலுத்துப் போயிருந்தது.

"ஒரே ஒரு சாமானாச்சும் நம்ம பேருல போகோணும் கண்ணு" என்று மகள் கிருபாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அவள் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் நல்ல வேலையில் இருந்தாள்.

இப்போது தமிழ்வேந்தன். பம்பு கம்பெனியில் காளிச்சாமியோடு ஒரே மேசையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். டிப்ளமோ படித்தவர், இங்கிலீஷ் சரளமாக வரும், இன்று சூலூரில் நாற்பது பேர் வேலை செய்கிற கம்பெனிக்கு முதலாளி. அவர் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுத்தவர் காளிச்சாமி. கிருபாவின் காலேஜ் சீட்டுக்காக நாலு நாள் கூடவே அலைந்தவர் தமிழ்வேந்தன். பொய்யான சிநேகம் இல்லை அது. அதனால்தான் சொல்லும்போதே வயிறு எரிகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் அவர் பட்டறைக்கு வந்தார்.

"ஏனுங்க காளிச்சாமி, கடல்ல ஓடற பம்பு ஒண்ணு செய்வீங்களா?"

"நான் கடலையே பாத்ததில்லீங்க."

தமிழ்வேந்தன் சிரித்துவிட்டு விளக்கினார். பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் தானாகத் திரும்பாது. சின்ன இழுவைப் படகுகள்தான் அதை முட்டித் தள்ளியும் கயிறு கட்டி இழுத்தும் கரை சேர்க்கும். நாட்டுத் துறைமுகங்களில் பழைய டீசல் இழுவைப் படகுகளை ஓரங்கட்டிவிட்டு பேட்டரிப் படகுகளைக் கொண்டுவருகிறார்கள். பேட்டரி சூடேறாமல் இருக்கக் கடல் தண்ணீரை ஓட்டிக்கொண்டே இருக்கவேண்டும். படகு கப்பலை முட்டும்போது அடிச்சேறு கலங்கி மணலோடு பம்புக்குள் ஏறுகிறது. தண்ணீர் கசியாமல் தடுக்கிற 'சீல்' வளையத்தை அது இரண்டே மாதத்தில் அறுத்துவிடுகிறது. முதல் படகுக்கே இந்தத் தலைவலி என்றால், பின்னால் வரப்போகிற ஒன்பது படகுகளின் கதி என்ன?

"மணலுங்களா?" என்றார் காளிச்சாமி. அவர் முகம் மலர்ந்துவிட்டது. மணலோடுதானே முப்பது வருஷமாக மல்லுக்கட்டுகிறார்!

"செஞ்சு குடுங்க. உங்க பட்டறை பேருலயே போகட்டும். துறைமுகத்துக்குச் சாமான் குடுக்கறவங்க லிஸ்ட்டுல ஒருக்கா பேரு ஏறிருச்சுன்னா, பொறவு எந்தத் துறைமுகத்துக்கும் நீங்களே நேராக் குடுக்கலாம். பேப்பர் வேலைய நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கிருபா வேலையை விட்டாள். அப்பனும் மகளும் பட்டறையே கதி என்று கிடந்தார்கள். டிரம்மில் உப்பைக் கரைத்து, களிமண்ணும் மணலும் கொட்டி, அதற்குள் பம்பை ஓடவிட்டார்கள். "கொழம்புக்குப் போட உப்பு இல்ல, உங்க டிரம்முல மூட்டை மூட்டையா கெடக்குது" என்று காளிச்சாமியின் மனைவி பூவாத்தாள் சத்தம் போட்டாள். ஏழு முறை சீல் அறுந்தது. எட்டாவது முறை காளிச்சாமி, பம்பு தள்ளுகிற தண்ணீரிலேயே கொஞ்சத்தைச் சுழலவிட்டு மணலைப் பிரித்து, தெளிந்த தண்ணீரைச் சீலுக்குத் திருப்பிவிட்டார். இரண்டு மாதம் இடைவிடாமல் ஓடியும் ஒரு சொட்டுக் கசியவில்லை.

பம்பையும் வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு இருவரும் சூலூர் போனார்கள். தமிழ்வேந்தன் காளிச்சாமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். காப்பி வந்தது. காப்பியோடு இங்கிலீஷில் அடித்த நாலு தாள்களும் வந்தன.

"லிஸ்ட்டுல பேரு ஏத்தறதுக்குங்க. ஒரு கையெழுத்துப் போடுங்க."

கிருபா தாளை வாங்கக் கை நீட்டினாள். "படிச்சுப் பாத்துட்டுப் போடலாங்கப்பா."

காளிச்சாமிக்கு உடம்பு கூசிப்போனது. எங்கள் பக்கத்தில் ஒருவர் நீட்டிய தாளை அவர் எதிரிலேயே வரிவரியாகப் படிப்பதும், உன் மேல் நம்பிக்கையில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதும் ஒன்றுதான். மரியாதை மரியாதை என்றே பாதிப்பேர் கெட்டோம்! "சும்மா இரு அம்மணி. அவரு என்ன நெனைப்பாரு?" என்று அடக்கிவிட்டு, நாலு தாளிலும் கையெழுத்துப் போட்டார்.

ஆறு மாதம் கழித்துப் பம்பைப் படகில் பொருத்தக் கூப்பிட்டார்கள். காளிச்சாமி மகளோடு பஸ் ஏறிப்போய் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார். பார்த்து ரசிக்க நேரமில்லை, நேராக எஞ்சின் அறைக்குள் இறங்கிவிட்டார். பம்பை மாட்டி முடித்ததும் படகு புறப்பட்டது. மலை மாதிரி நின்ற சரக்குக் கப்பலின் விலாவில் முட்டுக்கொடுத்துத் தள்ளியது. அடிச்சேறு கலங்கித் தண்ணீர் காப்பி நிறமாயிற்று. மூன்று மணி நேரம் காளிச்சாமி அந்தச் சீல் வளையத்தையே பார்த்தபடி குத்தவைத்திருந்தார். காய்ந்தது காய்ந்தபடியே இருந்தது.

மேலே வந்தபோது துறைமுகத்துப் பொறியாளர் மேக்னா சந்தோஷமாகக் கேட்டார்: "பிரமாதம்! இது யாரோட ஐடியா?"

"எங்க டிசைன் டீமுங்க மேடம்" என்றார் தமிழ்வேந்தன். பிறகு காளிச்சாமியின் தோளில் கை போட்டு, "இவரு நம்ம ஆளுங்க. மாட்டற வேலைக்குக் கூட்டியாந்தோம்" என்றார்.

'ஆளு' என்று அப்பனைச் சொன்ன அதே சொல்லைச் சிநேகிதன் வாயால் கேட்கவா காளிச்சாமி இவ்வளவு தூரம் வந்தது?

கிருபாவுக்குப் பொறுக்கவில்லை. "பொய்யிங்க மேடம். இது முழுசும் எங்கப்பா செஞ்சது. லிஸ்ட்டுல யாரு பேரு இருக்குதுன்னு பாருங்க."

மேக்னா ஃபைலை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. தமிழ்வேந்தன் கம்பெனியின் பேர்தான் இருந்தது. கூடவே அந்த நாலு தாள்களும் இருந்தன. தமிழ்வேந்தன் கம்பெனி கொடுத்த வரைபடத்தின்படி கூலிக்கு வேலை செய்தேன், இந்தப் பம்பில் எனக்கு எந்த உரிமையும் இல்லை என்பதாக எழுதி, கீழே காளிச்சாமி கையெழுத்து. கிருபா அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, காளிச்சாமி படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பேர் போட்ட டிராயிங், பேர் குத்தின சாமான், ஏதாவது இருக்கா?" மேக்னா உண்மையாகவே உதவ நினைத்துத்தான் கேட்டார். எங்கே இருக்கும்? வரைபடமெல்லாம் அன்றைக்கே சூலூரில் கொடுத்தாயிற்று; லிஸ்ட்டில் ஏறிய பிறகு குத்திக்கொள்ளலாம் என்று பம்பிலும் பேர் குத்தாமலே விட்டிருந்தார்.

"அப்படின்னா ஒரே வழிதான். இது இவர் செஞ்சதுன்னு தமிழ்வேந்தன் சார் ஒரு வார்த்தை சொன்னா, இப்பவே பேரை மாத்தறேன். அடுத்த ஒன்பது படகுக்கும் நேரா இவர்கிட்டயே வாங்கிக்கறோம்."

காளிச்சாமி தமிழ்வேந்தன் பக்கம் திரும்பினார். கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை.

"நீங்களே சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் நான் கட்டுப்படறேன்."

"அதான் அவரே கையெழுத்துப் போட்டிருக்காரே மேடம்" என்றார் தமிழ்வேந்தன். சொல்லிவிட்டு மணி பார்த்தார்.

அடப்பாவி! பெற்ற தாய்க்குக் காளிச்சாமி கொடுத்த ரத்தத்தையாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா?

ஊர் திரும்பும் பஸ்ஸில் கிருபா அழுதுகொண்டே வந்தாள். கேஸ் போடலாம், நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்கலாம் என்று என்னென்னவோ சொன்னாள். பல்லடம் தாண்டியதும் காளிச்சாமி மகள் பக்கம் திரும்பினார்.

"பம்பு போனாப் போகுது கண்ணு, இன்னொண்ணு செய்யலாம்" என்றார். தன் துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு மேலே சொன்னார்:

"அந்தம்மா கேட்டப்போ, பொய் சொல்றதுக்கு முன்னாடி அவரு ஒரு நொடியாச்சும் தயங்குவாருன்னு மூஞ்சியவே பாத்துட்டு இருந்தேன். தயங்கவே இல்ல கண்ணு."