மழைக்கானும் நான் மாற்றிச் சொன்ன பதிலும்

யுத்த காலத்தில் கொழும்பில் ஒரு சுகாதாரக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். அங்கே இருந்த சுகாதாரப் பரிசோதகர் சிங்களவர், தமிழ் தெரியாது. தமிழ் வீடுகளுக்கு அவர் போகும்போது நானும் கூடப் போய், இரண்டு பக்கத்துக்கும் கதைப்பேன்.

அந்த மாரியில் கொட்டாஞ்சேனை ஒழுங்கையொன்றில் மழைக்கான் நிரம்பி மலம் தெருவில் மிதக்கிறதென்று முறைப்பாடு வந்தது. மழைநீருக்கென்று கட்டிய கானுக்குள் வீட்டுக் கழிவை விடுவது குற்றம். கழிவுக் குழாயைப் பொருத்தியது வீட்டுச் சொந்தக்காரரா, குடியிருப்பவரா என்று விசாரித்து, பொருத்தியவர் மேல் வழக்குப் போடவேண்டும். சட்டம் அவ்வளவு நியாயமாகத்தான் இருந்தது.

கழிவு வந்த வீட்டின் பின்பக்கத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு ரீச்சர் குடியிருந்தார். ஷெல் அடியில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போன அவருடைய கணவர் உள்ளே கட்டிலில் கிடந்தார். சொந்தக்காரர் முற்றத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளவத்தையில் நானும் அக்கா குடும்பமும் இருந்தது அவருடைய இன்னொரு வீட்டில். எங்கள் பெயர்களைப் பொலிசில் பதிந்து, தெரிந்த ஆட்கள் என்று கையெழுத்து வைத்தவரும் அவர்தான். அந்தப் பதிவு இல்லாத தமிழரை அப்போது பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

"இந்தக் குழாயை யார் பொருத்தியதென்று கேளும்" என்று பரிசோதகர் சிங்களத்தில் சொன்னார். கேட்டேன்.

"நாங்கள் வந்து மூண்டு மாசம்தான் தம்பி. வரேக்கையே இது இருந்தது. வீட்டுக்காரர் போட்டது" என்றார் ரீச்சர்.

சொந்தக்காரர் என்னைப் பார்த்தார். மிரட்டவில்லை. "அக்கா சுகமோ?" என்று மட்டும் கேட்டார்.

"கணவருக்கு வசதியாக இருக்கட்டுமென்று தாங்கள்தான் போட்டார்களாம்" என்று பரிசோதகரிடம் சிங்களத்தில் சொன்னேன்.

அவர் எழுதினார். சிங்களம் வாசிக்கத் தெரியாத ரீச்சர் அதில் கையெழுத்து வைத்தார். அடுத்த நாளே இரண்டு தொழிலாளர்கள் போய் அந்தக் குழாயின் வாயைச் சீமெந்தால் அடைத்தார்கள். அதன்பிறகு வீட்டுக் கக்கூசைப் பாவிக்க முடியாது, கணவருக்கு ஒரு வாளிதான். ரீச்சர் வெளியே போவதென்றால் சந்தியில் இருந்த பொதுக் கக்கூசுக்குப் போகவேண்டும்.

புதுக்கடை நீதிமன்றத்தில் எல்லாம் சிங்களத்தில், அந்தக் கையெழுத்தை வைத்தே ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ரீச்சர் குற்றவாளி என்று தீர்ப்பானது. வாசலில் ரீச்சர் என்னிடம் வந்து, "நான் சொன்னதை அவையளுக்கு விளங்கப்படுத்தினனீங்கள்தானே?" என்று கேட்டார்.

"ஓம் ரீச்சர். எல்லாம் சொன்னனான். அவை கேக்கேல்லை."

சொந்தக்காரர் தீர்ப்பைக் காட்டி அவர்களை வீட்டை விட்டு எழுப்பினார். இரண்டு கிழமைக்குள் அந்தப் பின்பக்கத்துக்கு வேறு ஆட்கள் குடிவந்தார்கள். சீமெந்தை உடைத்துப் பழைய குழாயைத் திரும்பவும் கானுக்கு விட்டார்கள். ஒழுங்கை நாறியது. பரிசோதகர் மாற்றலாகிப் போயிருந்தார். கந்தோரில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சில மாதம் கழித்து ரீச்சரின் கணவர் ஆஸ்பத்திரியில் காலமானார் என்று கேள்விப்பட்டேன். படுக்கைப் புண் பழுத்து உடம்பெல்லாம் பரவியதாம். நாற்றத்துக்குள்ளும் ஈரத்துக்குள்ளும் கிடந்ததாலா, ஷெல் காயமே அப்படித்தானா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. போகாவிட்டால் யாரும் ஏதும் நினைப்பார்களோ என்ற பயத்தில்தான் உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனேன்.

பத்துப் பேர்கூட இல்லை. ரீச்சர் என்னைக் கண்டதும் கதிரையிலிருந்து எழுந்தார். மெலிந்து பாதியாகியிருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பக்கத்திலிருந்த தன் தங்கையிடம், "அண்டைக்கு எங்களுக்காகக் கதைச்சது இந்தத் தம்பி ஒராள்தான்" என்றார்.

அந்தத் தங்கை என்னைக் கும்பிட்டார்.

"அது என்ர வேலைதானே ரீச்சர்" என்று சொன்னேன். குரல் தடுமாறவில்லை. கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.