மோட்டாருக்கு வைத்த பொட்டு

மலையாள எல்லையோரத்து எருத்தேன்பதியில் மருதாத்தாளுக்குக் ‘குமட்டல்காரி’ என்று ஒரு பட்டப்பேர் இருந்தது. ரேஷன் அரிசியில் கல் கிடந்தாலும், பாலில் தண்ணீர் தெரிந்தாலும், ஓட்டுக் கேட்டு வந்தவன் காலில் விழுந்தாலும் அவள் முகம் ஒரே மாதிரிதான் கோணும். சண்டை போட மாட்டாள். வேப்பெண்ணெய் குடித்தவள் போல உதட்டைச் சுழித்து, ஓரமாகத் துப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வெள்ளைச் சேலையோடு தன்னந்தனியாக மிளகாய் விவசாயம் பண்ணி, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தவள். ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் சந்தையில் ஒரு பொருளை வாங்குமுன் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்டவளும் ஒருமுறை நன்றாக ஏமாந்தாள்.

எழுபத்து நாலாம் வருஷம் அவள் கிணற்றுக்குக் கரண்டு வந்தது. அதுவரை கவலை இழுத்துத் தண்ணீர் இறைத்த ஜோடிக் காளைகளை விற்று, கொழிஞ்சாம்பாறையில் ஈஸ்வரமூர்த்தியின் கடையில் மோட்டார் எடுத்தாள். காளையும் இல்லாமல் மோட்டாரும் படுத்துவிட்டால் மிளகாய்க் காடு கருகிவிடும் என்ற பயம் அவளுக்கு இருந்தது. அதை வாய்விட்டே கேட்டாள்.

“கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்கக்கா. ரெண்டு வருசம் கேரண்டி. நின்னு போச்சுன்னா புது மோட்டாரு. நானாச்சு” என்றார் ஈஸ்வரமூர்த்தி. ஒரு அட்டையையும் கையில் கொடுத்தார். மேலே கொட்டை எழுத்தில் தமிழில் ‘இரண்டு வருட கேரண்டி’. கீழே இங்கிலீஷில் எறும்பு ஊர்ந்த மாதிரி என்னவோ இருந்தது.

“கீழ பொடிசா என்னமோ எழுதியிருக்குதே தம்பி?”

“அது கம்பெனி அட்ரஸுங்கக்கா.”

புது மோட்டாரைப் பூசை போடாமல் கடை வாசல் தாண்டவிடுவது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. மருதாத்தாள் தானாகவே நான்கடி தள்ளி ஒதுங்கி நின்றாள். தாலி இழந்தவள் மங்கலக் காரியத்துக்கு முன்னால் நிற்கக் கூடாதே. ஈஸ்வரமூர்த்தி குரலைத் தாழ்த்தி, “நீங்க வெக்க முடியாதல்லங்கக்கா, நானே வெச்சுட்றனுங்க” என்று சொல்லி, எலுமிச்சம்பழம் நசுக்கி, சந்தனத்தை அள்ளி மோட்டாரின் முகப்பில் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். அந்த இதமான பேச்சில் அவளுக்குக் கண்கூடக் கலங்கியது. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த பங்குனியில், மிளகாய் பூவெடுத்து நிற்கும்போது, மோட்டார் உறுமி, புகைந்து, நின்றுவிட்டது. கிணற்றடி முழுக்க, மோட்டாருக்குள் சுற்றியிருந்த கம்பிக் ‘காயில்’ கருகிய நாற்றம். கடைக்கு நடையாய் நடந்த பிறகு கம்பெனி மெக்கானிக் செபாஸ்டின் வந்தார். திருச்சூர்க்காரர். மோட்டாரைத் திறக்கக்கூட இல்லை. முகப்பில் காய்ந்து கிடந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். அடியில் ஒரு திருகாணியும், அதன்மேல் சிவப்பாக ஒரு சீலும் தெரிந்தன.

“ஆராணு இது பூசினது?”

“கடைக்காரருங்க. பூசை போட்டாரு.”

“எந்தா செய்ய! சீலின்ட மேல பெயிண்டோ, பசையோ, பொடியோ, எது பட்டாலும் கேரண்டி போயி. கார்டுல எழுதியிட்டுண்டு” என்று அந்த எறும்பு எழுத்தின்மேல் விரலை ஓட்டிக் காட்டினார்.

“அது கம்பெனி அட்ரஸில்லீங்களா?”

செபாஸ்டின் அட்டையைத் திருப்பினார். “அட்ரஸ் இவிட. பின்னாடி.”

“காயில் கருகுனதுக்கும் பொட்டு வெச்சதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

“சம்பந்தம் ஒண்ணுமில்ல அம்மே. நியமம் அதாணு.” அவருக்கே சொல்ல வெட்கமாக இருந்தது போலிருக்கிறது. கொடுத்த தண்ணீரையும் குடிக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீடு தவறாமல் பொட்டு வைக்கிற ஊரில், பொட்டு வைத்தால் செல்லாது என்று எவனோ உட்கார்ந்து எழுதியிருக்கிறான்! அது தெரிந்தே ஒருவன் தன் கையாலேயே பொட்டும் வைத்து அனுப்பியிருக்கிறான்.

மறுநாள் கடையில் கோடைக்கு மோட்டார் வாங்க நல்ல கூட்டம். ஈஸ்வரமூர்த்தி எல்லோர் காதிலும் விழும்படி, “ஊட்டுக்குக் கொண்டுபோயி நீங்க பொட்டு வெச்சுக்கிட்டா நான் என்னக்கா பண்றது?” என்றார்.

“ஆரு வெச்சது?”

“நீங்கதானுங்க.”

கடையில் இருந்த அத்தனை பேரும் அவளுடைய வெள்ளைச் சேலையையும் வெறும் நெற்றியையும் பார்த்தார்கள். ஈஸ்வரமூர்த்திக்கும் தன் வாய் உளறியது புரிந்துவிட்டது. ஆனாலும் முகத்தில் ஒரு மாற்றமில்லை. “இல்லீன்னா உங்க மருமகன் வெச்சிருப்பாரு” என்று சிரித்தார்.

மருதாத்தாளுக்குக் கோபம் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு இந்த வாய்தான் அவளுடைய தாலியில்லாத கழுத்துக்கு இரக்கப்பட்டது. சாக்கடையில் கை விட்டதுபோல உடம்பு கூசியது.

சாமி படத்துக்கு முன்னால் குங்குமத் தட்டு இருந்தது. அதை எடுத்தாள். புருஷன் செத்த நாளிலிருந்து அவள் விரல் குங்குமத்தைத் தொட்டதில்லை. வரிசையாக நின்ற மோட்டார்களில் முதலாவதன் சீலின்மேல் கட்டைவிரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். அடுத்ததுக்கு நகர்ந்தாள்.

“ஐயோ அக்கா! சீல்ல வெக்காதீங்க!” என்று ஈஸ்வரமூர்த்தி மேசையைத் தாண்டி ஓடிவந்தார்.

“ஏந் தம்பி? அட்ரஸ்தானே எழுதியிருக்குது?”

கடைசி மோட்டார் வரைக்கும் வைத்துவிட்டுத்தான் தட்டைக் கீழே வைத்தாள். “இப்பத்தான் நான் வெச்சது. நல்லாப் பாத்துக்குங்க” என்று கூட்டத்திடம் சொன்னாள். வாங்கிய மோட்டாரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த கந்தப்பன் என்பவர் அதை இறக்கி வைத்தார். இன்னும் சிலரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

அன்று சாயங்காலமே கடையின் கணக்குப்பிள்ளை காட்டுக்கு வந்துவிட்டார். முதலாளி காயிலைச் சும்மாவே கட்டித் தருகிறாராம். ஒன்றே ஒன்று. அவள் கடைக்கு வந்து நாலு பேர் முன்னால், பொட்டு வைத்தது நான்தான், மறந்துபோய்ப் பேசிவிட்டேன் என்று சொல்ல வேண்டுமாம்.

மருதாத்தாள் காட்டைப் பார்த்தாள். செடிகள் தலை தொங்கி நின்றன. பூ இன்னும் முழுக்க உதிர்ந்துவிடவில்லை. ஒரு தண்ணீர் பாய்ந்தால் பாதியாவது பிழைத்துக்கொள்ளும். ஒரு பொய் சொன்னால் போதும். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். கணக்குப்பிள்ளைக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது.

“போயி உன்ற மொதலாளிகிட்டச் சொல்லு, எனக்கு வாந்தி வருதுன்னு” என்றாள்.

அந்த வருஷம் மருதாத்தாள் குழம்புக்கு மிளகாயைச் சந்தையில்தான் வாங்கினாள்.