நகரியில் பியூகிள், திருப்பதியில் போட்டி

புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பாட்டு வாத்தியார். ராணுவத்தின் பகுதிநேரப் படைப்பிரிவு ஒன்றில் பியூகிள் என்ற பித்தளைக் கொம்பை ஊதுவதும் நான்தான். கோடை விடுமுறை விட்டால் முகாம், முகாம் முடிந்தால் பள்ளி. வீட்டு டியூட்டி உங்களுக்கு எப்போது என்று மனைவி கேட்பாள். நான் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விடுவேன்.

அந்த வருடம் எட்டுப் பெண்பிள்ளைகளைத் திருப்பதியில் நடக்கும் பாட்டுப் போட்டிக்குத் தயார் செய்திருந்தேன். பல மாதங்கள் அவர்கள் உயிரை வாங்கினேன். ஒரு ஸ்வரம் பிசகினாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். மேடையில் கிடைப்பது ஐந்து நிமிடம். பாட்டு முடிவதற்குள் மணி அடித்துவிட்டால் பரிசு கிடையாது.

போட்டிக்கு முந்தின நாள் யூனிட்டிலிருந்து போன் வந்தது. நகரிக்காரச் சிப்பாய் ஒருவர் பணியில் இறந்துவிட்டார், காலையில் உடல் வருகிறது, இறுதி மரியாதைக்குப் பியூகிள் ஊதப் பக்கத்தில் வேறு ஆளில்லை. ஹெட்மாஸ்டர் தெலுங்கில் நீளமாகப் புலம்பினார். பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. எதிரில் நின்று நான் தாளம் போடாமல் அவர்கள் ஒரு நாளும் பாடியதில்லை.

மறுநாள் சுடுகாட்டில் நின்றேன். இறந்தவர் தெருவில் தறிகள் காலையிலேயே நின்றிருந்தன. சுற்றியிருந்த மற்றத் தெருக்களில் விசைத்தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. இந்த இரைச்சலில் யார் காதில் விழப்போகிறது என்ற எரிச்சலோடுதான் பியூகிளை உதட்டில் வைத்தேன். முதல் ஸ்வரம் எழுந்ததும் ஒரு தறி நின்றது. பிறகு இன்னொன்று. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. நான் முடிப்பதற்குள் தெருத் தெருவாக எல்லாம் அடங்கி, எங்கோ காக்கை கரைவது தெளிவாகக் கேட்டது. கடைசி ஸ்வரம் அசையாமல் நிற்க வேண்டும். அதில் பாட்டு வாத்தியார் புத்தி எட்டிப் பார்த்து லேசாக ஒரு கமகம் விழுந்துவிட்டது. முகாமாக இருந்தால் பேண்ட் ஹவில்தார் என்னைத் தொலைத்திருப்பார். அங்கே யாரும் அசையக்கூட இல்லை.

உடை மாற்றாமலே திருப்பதிக்கு ஓடினேன். போட்டி முடிந்திருந்தது. பிள்ளைகள் வராண்டாவில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டு பாதியில் இருக்கும்போதே மணி அடித்துவிட்டதாம், பரிசு இல்லையாம். கடிகாரம் பார்த்துப் பாட எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தேன் என்று கத்திவிட்டேன்.

அவர்களில் பெரியவள் எழுந்தாள்.

“மேடை ஏறினதும் நீங்க அங்க சுடுகாட்டுல நின்னுக்கினு இருப்பீங்கன்னு நெனச்சோம் சார். நாங்களும் அந்த மிலிட்டரி அண்ணனுக்கு ஒரு நிமிஷம் பேசாம நின்னோம்.”

நேரம் பார்க்க மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

“மறக்கல சார். நாலு நிமிஷத்துல பாட்டு முடியாதுன்னு எங்களுக்குத் தெரியும்.”

எட்டு முகங்களையும் பிரமித்துப் பார்த்தேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். வாத்தியாராகி அன்றுதான் முதல் தடவை.