யாருக்கும் கேட்காத மணி

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய முதுகுதான். உமித் தூசி படிந்த நீலச் சட்டை, தோளில் ஈரத் துண்டு, குனிந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிற அகலமான முதுகு. அந்த முதுகைப் பார்த்து நான் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். திரும்பவில்லை. எனக்குப் பின்னால் வந்த மேனேஜர் தன் கட்டைக் குரலில் "என்னப்பா, ஸ்டீம் ஏறிருச்சா?" என்று கேட்டதும், உடனே திரும்பி, "ஏறிருச்சுங்க சார்" என்றார். திருவிடைமருதூருக்குப் பக்கத்தில், வாய்க்கால் கரையை ஒட்டி இருக்கும் ஒரு அரிசி ஆலையில் லாரிகளுக்கு எடை போடும் வேலைக்கு நான் சேர்ந்த புதிது அது. காலேஜ் முடித்துவிட்டு வந்த பெண் கூப்பிட்டால் திரும்பக் கூடாது என்று ஒரு வைராக்கியம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நெல் அவிக்க ஆவி தருகிற பாய்லரைக் கவனித்துக்கொண்டதால் ஆலையில் எல்லாரும் அவரைப் பாய்லர் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே பழகிவிட்டேன்.

புழுங்கல் அரிசி ஆலையின் சத்தத்தை அதற்குள் நின்று வேலை பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர் ஒரு பக்கம் தடதடக்கும். உமி நீக்குகிற எந்திரமும் பாலிஷ் எந்திரமும் சல்லடைகளும் சேர்ந்து தரையையே உலுக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பாய்லர் அடுப்புக்குக் காற்று ஊதும் புளோயர் ஒரே சீராக அலறிக்கொண்டிருக்கும். உள்ளே யாரும் பேசுவதில்லை. டீ வேண்டுமென்றால் கட்டைவிரலை வாய்க்குக் காட்டுவார்கள். மூட்டை தீர்ந்துவிட்டது என்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பார்கள். சாயங்காலம் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் என் காதுக்குள் ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாலிஷ் எந்திரம் ஓட்டுகிற பெரியவரிடம் ஒருநாள் அதைச் சொன்னபோது சிரித்தார். "எங்களுக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு. போகப் போகப் பழகிடும்" என்றார். அந்தப் பழகிடும் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பாய்லர் அண்ணனின் மனைவி மத்தியானம் சோறு கொண்டு வருவார். எடை போடுகிற என் அறைக்கு வெளியே வேப்பமர நிழலில் காத்திருப்பார். பாய்லர் ரூம் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்ப்பார், சலித்துக்கொண்டு உள்ளே போய்த் தோளைத் தொட்டுக் கூட்டி வருவார். "வீட்ல நான் கத்துனா பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாக்குறாங்க, இவரு திரும்ப மாட்டாரு. மக போன் பண்ணா எங்கிட்ட குடுத்துடுவாரு. வேணும்னே பண்றாரும்மா" என்று ஒருநாள் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவர்கள் வீட்டில் அது ஒரு சண்டையாகவே நடந்துகொண்டிருந்தது. ஆண்களின் கட்டைக் குரல் அவருக்கு ஓரளவு எட்டியது. எங்கள் குரல்கள்தான் எட்டவில்லை. மனைவி, மகள், நான் என்று பெண்கள் எல்லாரையும் அவர் உதாசீனப்படுத்துவதாகப் பெண்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. காது போய்விட்டது என்று தெரிந்தால் பாய்லரில் நிற்க விடமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் கண்ணை வைத்தே சமாளித்தார். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாயை நொடிக்கொரு தரம் பார்ப்பார். பேசுகிறவர்களின் வாயைப் பார்ப்பார். வேலையில் அத்தனை கவனம் என்று முதலாளிகூட அவரைப் புகழ்வார்.

சம்பா அறுவடை முடிந்து நெல் வந்து குவிகிற சமயம். லாரிகள் ரோடு வரைக்கும் வரிசையில் நின்றன. ஒரு லாரி டிரைவரைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு நான் பாய்லர் ரூம் பக்கம் போனேன். ஆலையின் இரைச்சலுக்கு நடுவே மெல்லிசாக, விடாமல், ஒரு மணி அடித்துக்கொண்டிருந்தது. யாருடைய போனோ என்று முதலில் நினைத்தேன். சத்தம் நிற்கவில்லை. பாய்லர் ரூம் சுவரில் மாட்டியிருந்த மணிக்கு நேர் கீழே ஆட்கள் உமியை அள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலை நிமிரவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவரிடம், "என்ன மணிங்க அது?" என்று கத்திக் கேட்டேன். அவர் என் வாயையே பார்த்துவிட்டு, "மணியா? சாப்பாட்டு நேரம் ஆவலையேம்மா" என்றார்.

அந்த மணி எதற்கு என்று எனக்குத் தெரியாது. இத்தனை பேர் சும்மா இருக்கும்போது நான் மட்டும் பதறினால் சிரிப்பார்கள் என்றும் தோன்றியது. ஆனாலும் கால் உள்ளே இழுத்துக்கொண்டு போனது. பாய்லருக்கு உமி வந்து விழுகிற குழாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டிருந்தது. பாய்லர் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி, கம்பியால் குத்திக் குத்தி அடைப்பை எடுத்துக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கண்ணாடிக் குழாய் மேலேயே இருக்கும் அவருடைய கண் அப்போது அங்கே இல்லை. கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். வெடுக்கென்று திரும்பினார். சுவரில் இருந்த மணியைக் கைகாட்டினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மணியின் சின்னச் சுத்தியல் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அடிப்பது அவருக்குத் தெரிந்தது, கேட்கவில்லை. அடுத்த நொடி அவர் பார்வை கண்ணாடிக் குழாய்க்குத் தாவியது. குழாயில் தண்ணீர் இல்லை.

அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவே இல்லை. புளோயரை நிறுத்தினார். உமி வருவதை அடைத்தார். அடுப்புக் கதவைத் திறந்து நீளக் கொக்கியால் நெருப்பைத் தரையில் இழுத்துத் தள்ளத் தொடங்கினார். ஓடி வந்த ஓர் ஆள் தண்ணீர் வால்வைத் திறக்கப் போனபோது, "தொடாதடா, காஞ்ச பாய்லர்ல தண்ணி வுடாத, வெடிச்சிரும்" என்று அவர் போட்ட சத்தம் மட்டும் எல்லாருக்கும் கேட்டது. "நீ வெளியில போம்மா" என்றார் என்னிடம். நான் போகவில்லை. சிவந்த தணல் அவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்து பரவிக்கொண்டிருந்தது. கடைசித் தணலையும் இழுத்துப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். மேலே அந்தச் சுத்தியல் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தொட்டியில் பாசி அடைத்து, தண்ணீருக்குப் பதில் காற்றை இழுத்திருக்கிறது. அது பிறகு தெரிந்தது. அன்றைக்கு ஆபீஸ் ரூமில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். தண்ணீர் குறைந்தால் அடிக்க வேண்டிய மணி ஏன் அடிக்கவில்லை? உமி அள்ளியவர்கள், பாலிஷ் ஓட்டிய பெரியவர், சல்லடைக்காரர் எல்லாரையும் மேனேஜர் வரிசையாகக் கேட்டார். எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். மணி அடிக்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இன்றைக்கு நினைத்தாலும் என்னை உலுக்குகிறது. பழி எலெக்ட்ரீஷியன் மேல் விழுந்தது. மணியைப் பராமரிப்பது அவன் பொறுப்பு. சின்ன வயது, மனைவி மாசமாக இருந்தாள். எந்திரங்கள் எல்லாம் நின்றிருந்த அமைதியில் அவன் ஓடிப்போய் மணியை அடித்துக் காட்டினான். "இப்ப அடிக்குதுப்பா. அப்ப அடிக்கலையே. லூஸ் கனெக்‌ஷன வச்சுக்கிட்டு எத்தன உசுரோட விளையாடியிருக்க?" என்றார் மேனேஜர்.

"சார், மணி அடிச்சுதுங்க. அதக் கேட்டுத்தான் நான் உள்ள போனேன்" என்றேன்.

"நீ புதுசும்மா. இந்த இரைச்சல்ல எதையோ கேட்டுருப்ப. இத்தன பேரு சொல்றாங்கல்ல" என்றார் அவர்.

பாய்லர் அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு புரிந்ததோ தெரியாது. எலெக்ட்ரீஷியன் கண்ணைத் துடைத்ததை மட்டும் பார்த்திருப்பார். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலே போதும், அவர் வேலை தப்பிவிடும். ஆலையைக் காப்பாற்றியவர் என்று முதலாளி அப்போதுதான் அவர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். பாய்லர் அண்ணன் முன்னால் வந்து, முதலாளியைப் பார்த்து, அளவு தெரியாத உரத்த குரலில் சொன்னார்: "மணி அடிச்சுதுங்க. நான் கண்ணால பாத்தேன். எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாவே கேக்காது. அந்தத் தம்பிய வுட்டுருங்க."

பிறகு அவரே தொடர்ந்தார். "எனக்கு மட்டும் இல்லைங்க. இங்க உள்ள யாருக்கும் கேக்கல. வேணும்னா மெஷின ஓட்டிவுட்டு மணிய அடிச்சுப் பாருங்க."

மறுநாள் காலையில் முதலாளி அதைச் செய்துபார்த்தார். பாய்லர் ஆறிக் கிடந்தது, மற்ற எந்திரங்களை ஓட்டினார்கள். ஆட்களைப் பாய்லர் ரூமுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, மணி கேட்டதும் கையைத் தூக்கச் சொன்னார்கள். எலெக்ட்ரீஷியன் உள்ளே பட்டனைப் பிடித்து நின்றான். அவன் அழுத்துவதற்கு முன்பே பாலிஷ் பெரியவரின் கை மேலே போய்விட்டது. அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவரும் தூக்கினார். முதலாளி இல்லையென்று தலையை அசைத்ததும் கைகள் தயங்கித் தயங்கிக் கீழே இறங்கின. பிறகு மணி அடித்தது. அந்த வருஷம் புதிதாகச் சேர்ந்தவர்களும் நானும் தூக்கினோம். மற்றவர்கள் ஓரக்கண்ணால் எங்களைப் பார்த்தார்கள். பாலிஷ் பெரியவர் ஒரு தடவை தவறாகத் தூக்கிய கையை மறுபடி தூக்கலாமா என்று தெரியாமல், பாதி மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பயத்தை அதற்கு முன் நான் எந்த வயதானவர் முகத்திலும் பார்த்ததில்லை.

எலெக்ட்ரீஷியன் வேலை தப்பியது. பாய்லர் அண்ணனைப் பாய்லரிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு வழி இல்லை என்று அவரே சொன்னார். காவலுக்கு வாசல் கேட்டில் உட்காரவைத்தார்கள். ஆனால் கூட வேலை செய்தவர்கள் அவரை மன்னிக்கவில்லை. "ஒன் காது போனா நீ சொல்லிக்க. எங்கள ஏன் இழுத்த? நாளைக்கு எங்கள வெளிய அனுப்புனா எம்புள்ளைங்களுக்கு நீ சோறு போடுவியா?" என்று பாலிஷ் பெரியவர் கேட் அருகில் நின்று கேட்டபோது நான் என் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பல நாள் அவரோடு யாரும் உட்கார்ந்து டீ குடிக்கவில்லை. அவர் மனைவி மட்டும் சண்டையை விட்டுவிட்டார். "சொல்லியிருக்கலாமில்லம்மா. நான் எவ்வளவு பேசிட்டேன்" என்று என்னிடம் வந்து அழுதார். அவர்தான் அண்ணனைத் தஞ்சாவூருக்குக் காது டாக்டரிடம் அழைத்துப்போனார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆலையில் மாறுதல்கள் மெதுவாக வந்தன. முதலாளியைப் பிடித்து ஆட்டியது பயம்தான். அன்றைக்குப் பாய்லர் வெடித்திருந்தால் என்ற நினைப்பு அவரை விடவில்லை. மணியோடு சுழலும் சிவப்பு விளக்கு வைத்தார்கள். புளோயரைத் தனிச் சுவர் கட்டி அடைத்தார்கள். பாலிஷ் பக்கம் ஒரே ஆளை நாள் முழுக்க நிறுத்தாமல் மாற்றிமாற்றி விட்டார்கள். ஹெட்போன் போலக் காதை மூடும் கவசம் எல்லாருக்கும் கொடுத்தார்கள். யாரையும் வெளியே அனுப்பவில்லை. அது உறுதியான பிறகு, ஒருநாள் சாயங்காலம் பாலிஷ் பெரியவர் கேட்டுக்குப் போய் அண்ணன் பக்கத்தில் நின்றார். பிறகு அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "அந்தத் தஞ்சாவூர் டாக்டரு எங்க இருக்காரு?" என்று கேட்டார்.

நான் இப்போது அதே ஆலையின் ஆபீஸைப் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் இன்னும் கேட்டில்தான் இருக்கிறார். ஒரு காதில் மெஷின் வைத்திருக்கிறார். ஆலைக்குள் அது உதவாது என்று கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். காலையில் வேலைக்கு வருகிற ஒவ்வொரு பையனையும் நிறுத்தி, காதுக் கவசத்தை மாட்டச் சொல்லி, சரியாக மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவார். வியர்க்கிறது, நசநசக்கிறது என்று அவர்கள் முனகுவார்கள். போன வாரம் இரண்டு பேர் அவரைத் தாண்டிப் போனதும், கவசத்தை ஒரு பக்கம் தூக்கிவிட்டு, அவர் பேசுகிற மாதிரியே உரத்துப் பேசிக்காட்டிச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. எழுந்து வெளியே போய், அவர் முகத்துக்கு நேராக நின்று, "அண்ணே, ஒங்களக் கேலி பண்ணிட்டுப் போறானுங்க" என்றேன்.

அவர் அவர்கள் போன திசையைப் பார்த்தார். தோள்கள் குலுங்குவது அவருக்கும் தெரிந்திருக்கும்.

"சிரிக்கட்டும்மா" என்றார். "சிரிக்கிற சத்தம் அவனுங்களுக்குக் கேக்குதுல்ல."